வெளியே போகாத வாடகைக்காரனும் டெல்மிராவின் ஷட்டர் பெட்டியும்

டெல்மிரா பெர்தூசி எனக்கு இரண்டாயிரத்து அறுநூறு டாலர் கடன்பட்டிருந்தாள். வட்டி கிடையாது, சீட்டு எழுதவில்லை, சாட்சியும் இல்லை. நான் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்தைவிட முகம் படிக்கத்தான் எனக்கு நன்றாக வரும். டெல்மிராவின் முகத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

என் பெயர் எவரிஸ்தோ கொரியா. அல்மாக்ரோ பேட்டையில் ஜன்னல் ஷட்டர் சிக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெருநாயைக் கேளுங்கள், அது உங்களை என் பட்டறைக்குக் கூட்டிவரும். பதினான்கு வயதில் வடக்கே சாக்கோ மாகாணத்திலிருந்து ஒற்றைச் சட்டையோடு புவனோஸ் ஐரிஸுக்கு ரயில் ஏறினேன். இன்று எழுபத்துநான்கு. ஒன்பதாயிரம் ஷட்டருக்குமேல் சரிசெய்திருக்கிறேன். ஒன்றுகூட இரண்டாம் முறை என்னைக் கூப்பிட்டதில்லை. ஆனால் இது என் கதை இல்லை, டெல்மிராவின் கதை. நான் நடுநடுவே வருவேன். ஏணி பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா?

டெல்மிரா முப்பத்தோரு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். காலர் மட்டும்தான். கைப்பகுதியோ பொத்தானோ அவள் கைக்கு வந்ததே இல்லை. இன்றும் பஸ்ஸில் உட்கார்ந்தால் அவள் வலதுகால் இல்லாத தையல் மிதியை அழுத்திக்கொண்டே வரும். உயரம் என் தோளுக்குக் கொஞ்சம் கீழே, குரல் நான்காவது மாடிக்குக் கொஞ்சம் மேலே. புருஷன் ரொகேலியோ பஸ் டிரைவர். யாரையும் பணம் எடுக்கவிடாமல் வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்ட 2001 டிசம்பரில் இருவருடைய நாலாயிரம் டாலரும் உள்ளே மாட்டி, கடைசியில் எங்கள் ஊர்ப் பெசோவாகச் சுருங்கிக் கைக்கு வந்தபோது ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கவே சரியாக இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் "இதோ நிக்குது பாரு, எங்க வங்கி" என்பாள். அன்றிலிருந்து எந்த வங்கி வாசலையும் அவள் மிதிக்கவில்லை. ரொகேலியோ காலமானபிறகு மிஞ்சியது மெத்ரானோ தெருவில் நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு.

அந்தச் சமயத்தில்தான் லேப்டாப்காரர்கள் வந்து இறங்கினார்கள். கம்பெனி எங்கோ இருக்கும், சம்பளம் அங்கிருந்து டாலரில் வரும், ஆள் மட்டும் இங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பார். இதைப் பார்த்த டெல்மிரா தன் அக்காள் வீட்டுக்கு ஜாகையை மாற்றிக்கொண்டு, சொந்த வீட்டை அவர்களுக்கு விடுவதென்று முடிவுசெய்தாள். ஏ.சி. வேண்டும், அகலமான மேசை வேண்டும், சக்கரம் வைத்த நாற்காலி வேண்டும். பணத்துக்கு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எப்பத் திருப்பித் தருவேன்னு கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டேன். ஆனா தரும்போது நல்ல நோட்டாத் தரணும். மடிப்பு, மை, கிழிசல் எதுவும் என் பட்டறைக்குள்ள நுழையாது."

பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருமை பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் இரண்டு மூன்று பேர் வந்து தங்கிப் போனார்கள். அதற்கப்புறம் ஒஹாயோவிலிருந்து வெண்டல் வந்தான். முப்பத்துமூன்று வயது, ஜன்னல் கம்பி மாதிரி உடம்பு. வந்த முதல் வாரம் நூறு டாலரை மாற்றினான். கிடைத்த பெசோக் கட்டு கால்சட்டைப் பையில் அடங்காமல், பலசரக்குக் கடைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். எங்கள் ஊர் அப்போது அவனுக்குச் சொர்க்கம். தினமும் இரவு மாட்டுக்கறி, ஒயின், டாக்ஸி. இங்கே ஒரு மாதம் வாழ எவ்வளவு ஆகும் என்று அவன் இன்டர்நெட்டில் ஒரு பட்டியல் போட்டான். வாடகை இவ்வளவு, காபி இவ்வளவு, முடிவெட்ட இவ்வளவு. அதைப் படித்துவிட்டு உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து லேப்டாப்காரர்கள் விமானம் ஏறினார்கள்.

பிறகு எங்கள் ஊர் தன் வேலையைக் காட்டியது. விலை ஏறியது, டாலருக்குக் கிடைக்கும் பெசோ ஏறவில்லை. மாதாமாதம் வெண்டல் பட்டியலைத் திருத்தினான். ஒரு காபியும் இரண்டு பிறைரொட்டியும் ஒஹாயோ விலையைத் தொட்டன. அடுத்த மாதம் தாண்டின. முதலில் டாக்ஸியை விட்டான். பிறகு ஒயினை. பிறகு கறியை. கடைசியில் வெளியே போவதையே விட்டுவிட்டான். வெளிக்கதவைத் திறந்தாலே செலவு என்று கண்டுபிடித்துவிட்டான். காலை முதல் மாலைவரை ஜன்னலுக்குக் கீழே மேசை, கம்ப்யூட்டரில் மீட்டிங். மாலைக்குமேல் நூடுல்ஸ். இதுதான் அவன் வாழ்க்கை.

எனக்கென்ன வந்தது என்று இருந்தேன். மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஸூலேமா அம்மா பட்டறைக்கு வரும்வரை.

ஸூலேமா அம்மாதான் என் பட்டறைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரி. நாற்பத்தொரு வருடம் அவருக்கு வாடகை கொடுத்திருக்கிறேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"எவரிஸ்தோ, என் பையன் இதை விக்கச் சொல்றான். லேப்டாப் பசங்களுக்குக் காபிக்கடை வைக்க ஒருத்தன் வந்திருக்கான். முப்பத்தெட்டாயிரம் தர்றேங்கிறான்."

"நானும் தர்றேன்."

"நீயா?"

"நான்தான். எத்தனை நாள் தருவீங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு. நோட்டரி ஆபீஸ்ல ரொக்கமா. ஒரு நோட்டு குறைஞ்சாலும் அவனுக்குத்தான். பையன் என்னைத் தூங்கவிட மாட்டேங்கிறான்பா."

வாழ்நாள் சேமிப்பை எண்ணினேன். முப்பத்தைந்தாயிரத்து நானூறு. குறைவது எவ்வளவு என்று கணக்குப் போடத் தேவையே இல்லை. அந்தத் தொகை எனக்கு மனப்பாடம். டெல்மிராவின் பெயர் போட்ட தொகை.

கேட்கமாட்டேன் என்று சொன்ன வாயால் கேட்கப் போனேன். அக்காள் வீட்டு அடுப்படியில் டெல்மிரா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"பணம் இருக்குண்ணே. முழுசா இருக்கு."

"அப்போ குடு."

"எடுக்க முடியல."

"இருக்குங்கிற, எடுக்க முடியலங்கிற. கெணத்துலயா போட்ட?"

அக்காள் பக்கத்து அறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். எந்த இடத்தில் டாலர் இருக்கிறது என்பதை எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். அவள் கிசுகிசுத்தாள்.

"என் வீட்டு ஜன்னல்ல. ஷட்டர் பெட்டிக்குள்ள."

நான் சிரித்துவிட்டேன். என் தொழிலில் இது புதிதா? ஜன்னலுக்குமேல் ஷட்டர் சுருண்டுகொள்ளும் அந்த மரப்பெட்டியைத் திறந்தால், மூன்றுக்கு ஒன்றில் பணம் இருக்கும். அப்போதெல்லாம் நான் ஏணியைவிட்டு இறங்கி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். ஐம்பது வருடத்தில் ஒரு நோட்டு குறைந்தது என்று ஒருவர் சொன்னதில்லை.

"வீடு காலியா இருந்தப்ப வெச்சேன். இங்க வெச்சா அக்கா ஒவ்வொரு டப்பாவா மோந்து பாப்பா. வெண்டல் மூணு மாசத்துக்குன்னு வந்தான், மூணு வருசம் மாதிரி உக்காந்துட்டான். முன்னெல்லாம் ராத்திரி ஏழு மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் வருவான். இப்பக் குப்பை கொட்டக்கூட ராத்திரிதான் எறங்குறான், அதுவும் நாலு நிமிஷம்."

"சாவி உன்கிட்ட இருக்குல்ல?"

"சாவி இருக்கு. ஆளு இருக்கானே! பெட்டிக்கு நேர் கீழ அவன் மேசை. அவன் தலைக்கு மேல காசு இருக்குன்னு ஒரு வாடகைக்காரன்கிட்ட எப்படிண்ணே சொல்றது?"

எனக்கும் சொல்லக்கூடாது என்றுதான் பட்டது. எங்களைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கதவைத் தட்டிச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் திட்டம் போட்டோம்.

சனிக்கிழமை கருவிப் பையை மாட்டிக்கொண்டு போனேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே வெண்டல் கதவைத் திறந்தான். அவன் பேசும் எங்கள் மொழி, பாதி ஓட்டிலிருந்து வெளியே வந்த கோழிக்குஞ்சு மாதிரி.

"ஷட்டர் பாக்க வந்தேன் தம்பி."

"ஷட்டர் நல்லா இருக்கிறது. மேலே போகிறது. கீழே வருகிறது."

"உள்ள கெட்டுப்போயிருக்கலாம்."

"கெட்டுப்போகும்போது நான் கூப்பிடுகிறேன். எவ்வளவு ஆகும்?"

"இலவசம்."

"இலவசம் என்றால் கடைசியில் அதிகம் ஆகும். நான் இங்கே கற்றுக்கொண்டேன்."

கதவு மூடியது. பையனைக் குறைசொல்ல முடியாது. நம் ஊர்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு டெல்மிரா வேறு யோசனை சொன்னாள். என் வீட்டு முற்றத்தில் தணலில் கறி சுட்டு வெண்டலைச் சாப்பிடக் கூப்பிடுவது. அவன் இங்கே தின்றுகொண்டிருக்கும்போது நான் நைசாக நழுவி அங்கே போவது. சாவியோடு டெல்மிரா அங்கே காத்திருப்பாள். "சும்மாவா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, இருபத்திரண்டு தெருவையும் நடந்தே வந்து சேர்ந்தான் வெண்டல். காலையில் எதையும் சாப்பிடவில்லை என்பது அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

விலா எலும்பு தணலுக்குமேல் ஏறி முக்கால் மணி நேரம் ஆனது. என் மச்சான் ஓஸ்மாரைத் தீப்பக்கம் நிறுத்தினேன்.

"மச்சான், ஒண்ணும் பண்ணாத. சும்மா நில்லு. பாத்துக்கிட்டே இரு."

கருவிப் பையை எடுத்தேன். வெளிக்கதவுவரை போனேன். ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஓஸ்மார் கம்பியை எடுத்துத் தணலையெல்லாம் நடுவில் குவித்துக்கொண்டிருந்தான். நடுவில்! நான்கு மூலைக்கும் பரப்பி, சாம்பல் பூத்தபிறகு கையளவு மட்டும் உள்ளே தள்ளவேண்டிய தணலை!

"கையை எடுடா மச்சான்!"

"எரியட்டுமேன்னுதான்..."

"இது கறி, குப்பை இல்ல!"

பை தரையில் விழுந்தது. நான் தீயின் முன்னால் நின்றேன். ஒரு நிமிஷம் சரிசெய்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வெண்டல் பக்கத்தில் வந்து, வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டான். நாற்பது வருடமாக எவனும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எலும்பைத் தொட்டுப் பார்ப்பது, கொழுப்பின் சத்தத்தைக் கேட்பது, உப்பை எப்போது போடுவது. வெண்டல் போனில் எழுதி எழுதிக் கொண்டான். கடைசியில் எங்கள் வழக்கப்படி எல்லோரும் கறி சுட்டவனுக்குக் கைதட்டினார்கள். வெண்டல் எழுந்து நின்றே தட்டினான். கைதட்டலின் நடுவில் வெளிக்கதவு திறந்தது. டெல்மிரா. தலை முழுக்க சுண்ணாம்புத் தூள், நெற்றியில் ஒரு புடைப்பு.

அவளை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ரெண்டரை மணி நேரம்! எங்க போனீங்க?"

"ஓஸ்மார் தணலைக் குவிச்சுட்டான்..."

"தணலா? போகப்போறது உங்க பட்டறையா, என் பட்டறையா?"

"நெத்தியில என்ன?"

"நானே தொறக்கலாம்னு அந்தச் சக்கர நாற்காலியில ஏறுனேன். ஜன்னல்ல ஏறுனேன், அடுப்படியில எறங்குனேன். பெட்டி மேல பெயின்டு அப்பியிருக்கு, அசையல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. காய் வெட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கண்ணீர் வரச் சிரித்தேன். பட்டறை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் சிரித்தோம்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. வெண்டலை வெளியே கிளப்ப, கட்டடத்தில் மின்சாரத்தை நிறுத்தலாமா என்றேன், ஆறாம் மாடியில் நோயாளி இருக்கிறார் என்றாள். புதன், வியாழன் போயின. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, முப்பத்தைந்தாயிரத்து நானூறையும் துணிப்பட்டையில் சுற்றி வயிற்றில் கட்டி, கோட்டுக்குள் கர்ப்பிணி மாதிரி நான் நோட்டரி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டெல்மிரா வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள்.

"பொய் சொல்லியே ஒரு வாரத்தைக் கெடுத்தோம் அண்ணே. உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? ரெண்டு நிமிஷம். ஏணியை எடுங்க."

வெண்டல் கதவைத் திறந்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே தூங்கும்போது போடும் அரைக்கால் டவுசர். மேசையில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு முகம்.

டெல்மிரா மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. "தம்பி, உன் தலைக்கு மேல என் காசு இருக்கு. இந்த ஐயாவுக்கு நான் குடுக்கவேண்டிய கடன். பன்னண்டு மணிக்குள்ள குடுக்கலேன்னா இவரோட பட்டறை போயிடும்."

வெண்டல் மேலே பார்த்தான். எங்களைப் பார்த்தான். மறுபடி மேலே பார்த்தான்.

"ஒரு வருடமாகவா?"

"ஒண்ணரை."

அவன் திரையைப் பார்த்து அவன் மொழியில் என்னவோ சொன்னான். பன்னிரண்டு முகமும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தன. நான் ஏணியில் ஏறினேன். வயிற்றில் முந்நூற்று ஐம்பத்துநான்கு நோட்டு, கையில் உளி, கீழே வேடிக்கை பார்க்க ஒஹாயோ. பெயின்ட் விளிம்பை நான்கு பக்கமும் கீறி, மூலையில் ஒரு தட்டு. என் தட்டுக்கு மறுதட்டு தேவைப்பட்டதில்லை. பலகை திறந்துகொண்டது. ரொட்டிக் கடைப் பை ஒன்று நழுவி, வெண்டலின் கீபோர்டின்மேல் தொப்பென்று விழுந்தது. திரையில் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார்.

"அங்கே எல்லா வீட்டிலும் இப்படி இருக்குமா என்று என் முதலாளி கேட்கிறார்," என்றான் வெண்டல்.

"மூணுக்கு ஒண்ணுல இருக்கும்னு சொல்லு. எந்த ஒண்ணுன்னு சொல்லமாட்டேன்னும் சொல்லு."

டெல்மிரா பையைப் பிரித்தாள். என் சிரிப்பு நின்றது. இருபத்தாறு நூறு டாலர் நோட்டில் ஏழுதான் பெரியதலை என்கிற புது நோட்டு. மீதிப் பத்தொன்பதும் சின்னத்தலை. படத்திலுள்ள மனிதரின் தலை சின்னதாக அச்சடித்த பழைய நோட்டு. எங்கள் ஊரில் அதை மாற்றினால் நூறுக்கு எட்டைப் பிடித்துக்கொள்வார்கள். ஸூலேமா அம்மாவின் மகனோ தொடவேமாட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்." முதல்முறையாக அவள் குரல் நான்காம் மாடியிலிருந்து இறங்கிவந்தது. "முன்னாடி இருந்த வாடகைக்காரங்க அவங்க தாத்தா காலத்து நோட்டைக் குடுத்துட்டுப் போனாங்க. உங்ககிட்ட எப்படித் தர்றது? ஒருதடவை ஒரு மைப்புள்ளிக்காக ஒரு நோட்டைத் திருப்பிக் குடுத்தவரு நீங்க. நூறுக்கு எட்டுப் பிடிக்கிறது மூணா எறங்கட்டும், மாத்தி நல்ல நோட்டாக் குடுக்கலாம்னு பெட்டியில வெச்சேன். அது எறங்கவே இல்ல."

ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஒரு மைப்புள்ளியைப் பொறுத்திருந்தால் ஒன்றரை வருடத்துக்கு முன்பே பணம் என் கைக்கு வந்திருக்கும். மணி பத்தே முக்கால். பத்தொன்பதை எட்டால் பெருக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை. நூற்றைம்பத்திரண்டு டாலர் குறைகிறது. ஒரு நோட்டு குறைந்தாலும் காபிக்கடை.

வெண்டல் இரண்டு நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது நூறு. இதுவும் நூறு."

"அது சின்னத்தலை தம்பி."

"என் ஊரில் கடைக்காரர் தலையை அளக்கமாட்டார்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனான். அலமாரியிலிருந்து நூடுல்ஸ் டப்பாவை எடுத்து, உள்ளே கையைவிட்டு ஒரு நோட்டுக்கட்டை எடுத்தான். எல்லாம் பெரியதலை. ஒரு மடிப்பு இல்லை. டெல்மிரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நூடுல்ஸ் டப்பாவுலயா வெச்சிருக்க! அண்ணே, இவன் நம்ம ஆளாயிட்டான்!"

"ஜூன் மாதம்வரை வாடகை," என்றான் வெண்டல். முகம் சிவந்திருந்தது. "ஆனால் நான் போகிறேன். இரண்டு வாரத்தில். என் அம்மா வீட்டுக்கு. அங்கே எனக்குச் செலவு குறைவு. உங்களிடம் சொல்ல வெட்கம். பட்டியல் போட்டவன் நான். எனக்கே கட்டுப்படி ஆகவில்லை. பழைய தலைகளை என்னிடம் கொடுங்கள். அங்கே எல்லாத் தலையும் ஒன்றுதான்."

"அடப்பாவி! போறேன்னு போன வாரமே சொல்லியிருந்தா என் நெத்தி தப்பிச்சிருக்குமே!" என்று டெல்மிரா அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் அதே கையால் தடவிக்கொடுத்தாள்.

"உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"போவதற்கு முன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. அந்த விலா எலும்பு. மச்சான் கம்பியைத் தொடக்கூடாது."

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது மாற்றினான். டாக்ஸி என்றேன். டாக்ஸி விலை தெரியுமா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் என்னை அதட்டினார்கள். ரொகேலியோ ஓட்டிய அதே தடத்து பஸ்ஸில் ஏறினோம். எந்த சிக்னலில் எத்தனை நிமிஷம் என்று டெல்மிரா சொல்லிக்கொண்டே வந்தாள், கால் மிதியை அழுத்திக்கொண்டே வந்தது. வெண்டல் அதே டவுசரோடு ஜன்னலோரம் நின்று, புதிதாக வந்து இறங்கியவன் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டரி அலுவலகத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம். ஸூலேமா அம்மா, அவர் மகன், கையில் ஃபைலோடு காபிக்கடைக்காரர். நான் சட்டையைத் தூக்கிப் பட்டையை அவிழ்த்தேன். முந்நூற்று ஐம்பத்துநான்கும் மேசையில் அடுக்கப்பட்டன. மகன் எண்ணி முடிக்கவில்லை, காபிக்கடைக்காரர் கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார்.

"எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும் தம்பி," என்றார் ஸூலேமா அம்மா. "மிச்சம் எங்க எவரிஸ்தோ?"

மகன் டெல்மிராவை நோக்கிக் கையை நீட்டினான். அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் கடன்படல. இவருக்குத்தான் பட்டேன். இவரு கையிலதான் வெப்பேன்."

"டெல்மிரா, நேரம் இல்லம்மா, அப்படியே மேசையில போடு!"

"கையை நீட்டுங்க அண்ணே. நல்ல நோட்டு கேட்டீங்கல்ல? பாத்து வாங்குங்க."

நீட்டினேன். ஐம்பது வருடம் ஷட்டர் பட்டையை இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டாள். காலர் துண்டை அடுக்குவதுபோல ஒவ்வொன்றையும் ஓரம் பார்த்து, நேர்செய்து, சத்தமாகச் சொல்லி வைத்தாள். ஒன்று. இரண்டு. பத்தில் காபிக்கடைக்காரர் ஃபைலை மூடினார். பதினைந்திலிருந்து வெண்டலும் கூடவே எண்ண ஆரம்பித்தான், உச்சரிப்பு கோழிக்குஞ்சு மாதிரிதான். இருபதில் ஸூலேமா அம்மாவும் சேர்ந்துகொண்டார். இருபத்துநான்கு. இருபத்தைந்து. கடைசி நோட்டை டெல்மிரா வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பெரியதலை, மைப்புள்ளி இல்லை. என் விரிந்த உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"இருபத்தாறு."